கோழிக்கும் ஒரு பாடு

போன வருஷம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஆம்லெட்டில் மீன் வாசனை வந்தது.

'வாசனை' என்பது மரியாதைக்காக நான் போட்ட வார்த்தை. என் மனைவி உபயோகித்தது வேறு. "கருவாட்டுக் கூடைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். எங்கள் வீட்டில் சந்தேகமான பதார்த்தங்கள் எல்லாம் என் பக்கம்தான் நகரும்.

முதலில் தோசைக்கல்லைச் சந்தேகப்பட்டோம். முந்தின நாள் அதில் வஞ்சிரம் வறுத்தோமா? இல்லை. எண்ணெய், வெங்காயம், கரண்டி என்று வரிசையாக விசாரித்துக் கடைசியில் என்னிடம் வந்தாள். "நேத்து ராத்திரி எங்க போயிட்டு வந்தீங்க?" நல்லவேளை, அதற்குள் இரண்டாவது முட்டையை உடைத்தோம். குற்றவாளி பிடிபட்டது.

நாங்கள் இருப்பது மீஞ்சூரில். பழவேற்காட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா வாரத்தில் மூன்று நாள் வருவார். விடிகாலையில் பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து எலெக்ட்ரிக் ரயில். கூடையில் மடவை, கிழங்கா, இறால், நண்டு. சனிக்கிழமை மட்டும் மீன் கூடையின் தலையில் ஒரு சின்னப் பனையோலைப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதில் உமி பரப்பி இருபது முட்டை. சொந்தக் கோழி, நாட்டுக்கோழி. எங்கள் ஃப்ளாட்டில் ஏழு வீடுகள் அதற்கு வாடிக்கை. ஒன்று பதினைந்து ரூபாய் என்றாலும் சண்டை போட்டு வாங்குவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு வீடுகளிலும் ஆம்லெட் விசாரணை நடந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மீன்காரம்மா வந்தபோது ஏழு கதவுகளும், "முட்டை வேணாம்மா, மீன் மட்டும் குடு" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டன.

மீன்காரம்மா எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மீன் காசு வூட்டுக்கு சார். அரிசி, பருப்பு, வலைக் கடன் எல்லாம் அதுல போயிரும். முட்டைக் காசு பேத்திக்கு. பொன்னேரில பிளஸ் டூ படிக்குது. டியூஷனுக்குக் கட்டறது இந்த முட்டைதான்" என்றார். அழவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

இந்த மாதிரி சந்தர்ப்பத்தில் வாயை மூடிக்கொண்டு இருபது முட்டையையும் வாங்கிக் கொள்பவன் மனிதன். நான் எழுத்தாளன். "கவலையை விடுங்கம்மா. இதை நான் சரி பண்றேன்" என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவி இருமினாள். இருபத்தெட்டு வருஷ அனுபவம் அந்த இருமலில் இருந்தது.

★

முதல் தியரி என்னுடையது. முட்டை ஓடு பார்ப்பதற்குத்தான் சுவர் மாதிரி இருக்கும். உண்மையில் அது சல்லடை. ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகள். உள்ளே குஞ்சு மூச்சு விட வேண்டுமே! அந்தத் துளை வழியாக வெளி வாசனை உள்ளே போகும். மீன் கூடையின் தலையில் இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்த முட்டை வேறெப்படி இருக்கும்?

"முட்டையைத் தனிப் பையில கொண்டு வாங்க" என்று உத்தரவிட்டேன். அடுத்த வாரம் தனிப் பையில், தனிக் கையில் வந்தது. உடைத்தோம். அதே கருவாட்டுக் கூடை.

ஆக, வாசனை வெளியிலிருந்து வரவில்லை. கோழி உள்ளே வைத்தே பேக் செய்து அனுப்புகிறது.

"உங்க கோழி என்ன சாப்பிடுது?" என்று கேட்டேன்.

"எங்க வூட்டுல இன்னா கீதோ அதைத் துன்னுது. இறால் தலை, நண்டு ஓடு, கருவாடு காயப்போட்ட எடத்துல சிந்தினது..."

"புல்லு?"

"புல்லா? அது மாடு துன்றது சார்."

எனக்குப் பொறி தட்டியது. மேல்நாட்டுப் பண்ணைகளில் கோழியைப் புல்வெளியில் மேய விடுகிறார்கள், அந்த முட்டைக்குத் தனி விலை என்றெல்லாம் படித்திருக்கிறேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மேலும் படித்தேன். படிக்கப் படிக்க, உலக விஞ்ஞானமே கோழிக்கூண்டில்தான் பிறந்தது என்று தோன்றியது. சுருக்கமாக உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காட்டை ஒரு காலத்தில் ஆண்டவர்கள் டச்சுக்காரர்கள். 1613ல் அங்கே கெல்ட்ரியா என்று கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லறைத் தோட்டம் மட்டும் இன்றும் இருக்கிறது. இவர்களுடைய ஆசியத் தலைமையிடம் ஜாவாவில் இருந்த பட்டேவியா, இன்றைய ஜகார்த்தா. பின்னாளில் அதே ஊரில் ஐக்மன் என்று ஒரு டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். 1890 வாக்கில் அவருடைய கோழிகள் திடீரென்று கால் துவண்டு விழுந்தன. பிறகு திடீரென்று எழுந்து நடந்தன. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. விசாரித்தால், ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ராணுவத்துக்கு வடித்த பாலிஷ் அரிசிச் சோற்றைக் கோழிக்கும் போட்டு வந்திருக்கிறார். புதிதாக வந்த சமையல்காரர் ரொம்ப கண்டிப்பு. 'ராணுவச் சோறு சிவிலியன் கோழிக்குக் கிடையாது' என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, பிழைத்தன. தவிட்டில் இருந்த அந்தச் சத்துதான் பிறகு வைட்டமின் பி1 என்று பெயர் வாங்கியது. ஐக்மனுக்கு 1929ல் நோபல் பரிசு. சமையல்காரருக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது டென்மார்க். டாம் என்ற விஞ்ஞானி கொழுப்பு நீக்கிய தீவனத்தைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குஞ்சுகளுக்கு உள்ளுக்குள்ளே ரத்தம் கசிந்தது; உறையவில்லை. பச்சிலையைக் கொடுத்தால் சரியாயிற்று. 1935ல் அந்தச் சத்துக்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் டாய்ஸி என்பவர் அதைப் பிரித்தெடுத்தார். இருவருக்குமாக 1943ல் நோபல். இதில் எனக்குப் பிடித்த சமாசாரம் என்னவென்றால், டாய்ஸி கோஷ்டி இரண்டு வகை 'கே'யைப் பிரித்தார்கள். ஒன்று குதிரை மசால் என்கிற பசுந்தீவனத்திலிருந்து. இன்னொன்று அழுகிய மீன் தூளிலிருந்து!

ஒரு பக்கம் புல். மறு பக்கம் நாற்றமடித்த மீன். நம் மீன்காரம்மாவின் கோழிகளுக்கு மறு பக்கம் ஏராளமாகக் கிடைக்கிறது. முதல் பக்கம்தான் பாக்கி. முடிந்தது விஷயம்!

★

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் புறப்பட்டேன். கையில் பெரிய பை நிறைய அருகம்புல். எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் வாசலில் பூக்காரம்மாவிடம் வாங்கினது. "சங்கடஹர சதுர்த்தி போயிடுச்சே சார், இவ்வளவும் யாருக்கு?" என்றார். "கோழிக்கு" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பிள்ளையாரே பரவாயில்லை.

பழவேற்காடு ஏரியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை நம்மிடம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்புகிறது. இங்கே பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்று வேடிக்கை பார்க்கின்றன. மழைக்காலத்தில் ஆற்று நீர் வந்து ஏரி நீர்த்துப் போகும். கோடையில் முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுண்டி, உப்பில் கடலையே மிஞ்சும். அப்போது மீனும் குறையும், இறாலும் குறையும். அந்த மாதங்களில் முட்டைக் காசுக்கு மதிப்பு என்ன என்று எனக்கு அங்கே போனதும்தான் உறைத்தது.

கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஒரு குப்பம். வீட்டு வாசலில் பன்னிரண்டு கோழிகள். நான் பையைக் கவிழ்த்தேன். கோழிகள் ஓடி வந்தன. அருகம்புல்லை ஒரு தடவை பார்த்தன. என்னை ஒரு தடவை பார்த்தன. பிறகு திரும்பி கருவாட்டுப் பாய்ப் பக்கம் போய்விட்டன.

ஒரே ஒரு செவலைக் கோழி மட்டும் மரியாதை தெரிந்தது போல் நின்று, நீளநீளமான புல்லை நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சி விழுங்கியது. "பாத்தீங்களா!" என்று நான் மீன்காரம்மாவிடம் பெருமைப்பட்டேன்.

அரை மணி நேரத்தில் செவலை ஒரு மூலையில் போய்க் கழுத்தைக் கோணிக்கொண்டு நின்றது. தொண்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு கட்டி.

மீன்காரம்மா ஒன்றும் பேசவில்லை. கோழியைத் தூக்கி மடியில் வைத்து, வாயில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அந்தக் கட்டியை விரலால் நீவ ஆரம்பித்தார். பேத்தி என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தது. டியூஷன் ஃபீஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு கழுத்தைக் கோணிக்கொண்டு நிற்கிறதல்லவா? நான் ஏரியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை செவலையை ஓலைக் கூடையில் வைத்து, அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். 1903லிருந்து வேப்பேரியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கோழியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இளகிடுச்சு, பயமில்ல. நீளப் புல்லு யார் போட்டது?" என்றார்.

மீன்காரம்மா பெருந்தன்மையாக, "தெரியாத்தனமா துன்னுருச்சும்மா" என்றார். இப்படிப்பட்டவரிடம் முட்டை வாங்காமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

★

டாக்டரம்மா அன்று சொன்னதைக் கேட்டபோதுதான் நான் ஒரு ராத்திரி முழுக்கப் படித்ததில் முக்கியமான பக்கங்களை எல்லாம் தாண்டிவிட்டேன் என்று தெரிந்தது.

"சார், புல் நல்லதுதான். ஆனா கோழி மாடு இல்ல. மாட்டுக்கு நாலு அறை வயிறு, அசை போட நேரம். கோழிக்குப் பல்லே கிடையாது. தின்னது முதல்ல தொண்டைக்குக் கீழே பையில ஊறும். அப்புறம் அரைவைப்பைக்குப் போய், அது முழுங்கின சின்னக் கல்லோட சேர்ந்து அரைபடும். சில மணி நேரத்துல வெளிய வந்துடும். புல்லோட நார் அதுக்கு ஜீரணமே ஆகாது. புல் நுனியில இருக்கிற வைட்டமினும் நிறமியும்தான் லாபம். மேயற கோழி நுனியை மட்டும் கொத்தும். வேர் பிடிச்சு நிக்கறதால துண்டாகி வரும். நாம அறுத்து நீளமா போட்டா அப்படியே முழுங்கிடும், பையில உருண்டையா அடைச்சுக்கும். போட்டா விரல் நகம் அளவுக்கு நறுக்கிப் போடணும். நம்ம இலைல பொரியல் மாதிரி. சாப்பாடு அது இல்ல."

"மீன் வாசனை?"

"அதுக்கும் புல்லுக்கும் நேரடி சம்பந்தமே இல்லை சார். மீன்ல இருக்கற எண்ணெய், மீன் கெடும்போது வர்ற ட்ரைமெத்திலமைன், இதெல்லாம் முட்டைக்குள்ள இறங்குது. அந்த அமைனைக் கோழியோட ஈரல் கொஞ்சம் வரைக்கும் வாசனையில்லாம மாத்திடும். அளவு மிஞ்சினா முடியாது. சில கோழிக்குப் பிறவியிலேயே அந்த சக்தி கம்மி. மீனைக் குறைக்காம புல்லை மட்டும் போட்டா, அதே நாத்தத்தோட நல்ல மஞ்சளா ஒரு முட்டை கிடைக்கும்."

இந்த மஞ்சள் விஷயத்தையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். கரு ஆரஞ்சாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று நம்பி நாம் பதினைந்து ரூபாய் கொடுக்கிறோம். அது கோழி சாப்பிட்ட இலை, மக்காச்சோளத்தில் உள்ள நிறமி, அவ்வளவுதான். பண்ணையில் துலுக்கச் சாமந்திப் பூவின் சத்தைத் தீவனத்தில் கலந்தாலும் அதே நிறம் வரும். கருவின் நிறம் கோழியின் மெனு கார்டு. ஜாதி சர்டிஃபிகேட் அல்ல.

டாக்டர் மேலும் கேட்டார். "தண்ணி என்ன வைக்கறீங்க? முட்டை ஓடு மெல்லிசா இருக்கா?"

மீன்காரம்மா நிமிர்ந்தார். "ஆமாம்மா. ரயில்ல நெரிசல்ல நாலு, அஞ்சு உடைஞ்சிரும்."

"அடிபம்புத் தண்ணியா? உப்பா?"

"எங்க ஊருல வேற இன்னா வரும்?"

உப்புத் தண்ணீர் குடித்தால் ஓடு மெலியும். கருவாட்டு உப்பும் சேர்ந்தால் கோழி எந்நேரமும் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீர்த்துப் போகும். குஞ்சுகள் செத்துக்கூடப் போகலாம். "முட்டை போடற கோழிக்கு மட்டுமாவது கருவாடு, இறால் தலையை நிறுத்துங்க. நல்ல தண்ணி வைங்க. கிளிஞ்சலைப் பொடிச்சு வைங்க, ஓட்டுக்கு சுண்ணாம்புச் சத்து. நொய்யும் தவிடும் போடுங்க. ஒரு முட்டையோட மஞ்சள் கரு நெறைய வளர்றதுக்கே பத்து நாள் ஆகும். அதனால இன்னிக்கு மாத்தினா மூணு வாரம் கழிச்சுத்தான் வித்தியாசம் தெரியும்."

கடைசியாக ஒன்று சொன்னார்: "புல்லு, மஞ்சள், சின்ன வெங்காயம் எதுவுமே வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி ஆகாது. முகாம் போடும்போது கூடையோட வந்துடுங்க." இதை நான் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியர் மனசு வைக்க வேண்டும்.

★

பஸ்ஸில் திரும்பும்போது மீன்காரம்மா விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"ஒரு கோழிக்கு நாளைக்கு நூறு கிராம்னாலும் பன்னெண்டு கோழிக்குக் கிலோவுக்கு மேல. நொய் காசு கொடுத்து வாங்கணும். இறால் தலை சும்மா கெடைக்குது. தண்ணி நாங்களே குடம் எண்ணிப் புடிக்கறோம். அதுல கோழிக்குமா?"

என்னிடம் பதில் இல்லை. நோபல் பரிசு வாங்கினவர்களிடமும் இருந்திருக்காது. இலவசமாகக் கிடைப்பதை நிறுத்து, காசு கொடுத்து வாங்கு, குடிக்கிற தண்ணீரைப் பங்கு போடு என்று சொல்வது ரொம்ப சுலபம். பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "கார்த்திகை மார்கழில முட்டை நாறாது சார்."

"என்னது?"

"மழை மாசத்துல நாறவே நாறாது. எல்லாம் பச்சையா மொளைச்சிருக்கும். புல்லு, பூச்சி, புழுன்னு கோழி வெளியவே மேயும். வூட்டாண்ட வராது. தண்ணியும் குட்டையில நல்லா கெடக்கும். கோடையிலதான் ஒண்ணும் இருக்காது, கருவாட்டையே சுத்தும்."

நான் 'ஙே' என்று விழித்தேன். "இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லியே சார். புல்லு போடு, புல்லு போடுன்னே."

ஆக, புல் மருந்தாக வேலை செய்யவில்லை. போட்டிக்கடையாக வேலை செய்திருக்கிறது. வெளியே நல்ல சாப்பாடு கிடைத்தால் வீட்டுக் கருவாட்டைக் கோழி சீண்டாது. (ஹோட்டல் பக்கத்தில் குடியிருக்கும் கணவர்களுக்கு இது புரியும்.) டாக்டர் சொன்னதும் சரி, மீன்காரம்மா சொன்னதும் சரி. நான் சொன்னது மட்டும் அரைகுறை. கேள்வி, கோடையிலும் கொஞ்சம் மார்கழியைக் கொண்டு வருவது எப்படி என்பதுதான்.

டாக்டர் அசோலா என்று ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். தண்ணீரில் மிதக்கும் குட்டிப் பாசி மாதிரியான செடி, புரதம் அதிகம், கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரக்காரர்கள் கால்நடைத் தீவனமாகப் பரப்பினது. ஆனால் அதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். உப்பென்றால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

★

மூன்று வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வெட்கம். மீன்காரம்மா வந்தார், மீன் மட்டும் போட்டார், போனார். முட்டைப் பேச்சே இல்லை. நாலாவது சனிக்கிழமை, "சாரு, நாளைக்கு வூட்டுக்கு வா. வெறுங்கையோட வா" என்றார்.

போனேன். வாசலில் ஓரம் உடைந்த தெர்மாகோல் பெட்டிகள் நாலு. ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற பெட்டிகள். உடைந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதில் பொன்னேரிப் பக்கத்து வயல் மண்ணை ஷேர் ஆட்டோவில் ஒரு சாக்கு கொண்டு வந்து நிரப்பியிருக்கிறார்கள். மண்ணில் அருகு, கம்பு, கொஞ்சம் கீரை முளைத்துப் பச்சையாக நின்றது. அரிசி கழுவின தண்ணீர் செடிக்கும் கோழிக்கும் பங்கு. குடத்தில் கை வைக்கவில்லை.

விஷயம் அதுவல்ல. ஒவ்வொரு பெட்டியின் மேலேயும் பழைய மீன் வலையை நாலு மடிப்பாக, மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தார். கோழி அதன்மேல் ஏறி நின்று, வலைக் கண் வழியாக எட்டிப் பார்க்கிற நுனியை மட்டும் கொத்துகிறது. அடிப்பகுதியும் வேரும் தப்பிக்கின்றன. நீளப் புல்லை விழுங்க வழியே இல்லை. கிளறி நாசமாக்கவும் முடியாது.

"இது யார் சொல்லிக் குடுத்தது?" என்றேன்.

"சொல்லிக் குடுக்கறது இன்னா சார்? கண்ணு பெருசா இருக்கற வலையில சின்ன மீன் தப்பிச்சுப் போகும். அது தப்பிச்சாத்தான் அடுத்த வருசம் பெரிய மீன். வலைக்கு மேல வர்றது கோழிக்கு. கீழ இருக்கறது எனக்கு."

இறால் தலையையும் விடவில்லை. நன்றாக அலசி, வேக வைத்துக் காய வைத்து, வளரும் விடலைகளுக்கும் சேவலுக்கும் அளவாகப் போடுகிறார். முட்டைக் கோழிகளுக்குத் தனி அடைப்பு, நொய், தவிடு, நறுக்கிய முருங்கைக் கீரை. ஏரிக் கிளிஞ்சலை உரலில் இடித்து ஒரு கொட்டாங்கச்சியில். நொய் வாங்க ரெண்டு சேவலை விற்றிருக்கிறார். செவலைக் கோழி என்னைப் பார்த்ததும் பத்தடி தள்ளிப் போய் நின்றது.

பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டியது. கட்டம் போட்டு, திங்கள் ஒண்ணாம் பெட்டி, செவ்வாய் ரெண்டாம் பெட்டி என்று எழுதியிருந்தது. ஒரு பெட்டி ஒரு நாள் திறந்தால், மூன்று நாள் பலகை போட்டு மூடி வைப்பு. புல் மறுபடி எட்டிப் பார்க்க அவகாசம்.

"பாடு வச்சிட்டோம் சார்" என்று சிரித்தது.

பழவேற்காட்டில் 'பாடு' என்றால் கஷ்டம் மட்டுமல்ல. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர். தலைமுறை தலைமுறையாக வருவது. அதில் உரிமை கிடைக்காதவர்களுக்கு அதன்மேல் மனக்குறை உண்டு என்பதும் உண்மை. ஆனாலும் இருப்பதை ஒருவரே ஒரே நாளில் வாரிக்கொண்டு போகக்கூடாது என்று ஏரிக்காரர்கள் கண்டுபிடித்த சட்டம் அது. இப்போது கோழிக்கும் அமலாகியிருக்கிறது.

அன்று பதினாறு முட்டை கொடுத்தார். மடியில் வைத்து மீஞ்சூர் கொண்டு வந்தேன். ஒன்றுகூட உடையவில்லை. என் மனைவி ஒன்றை உடைத்து, கிண்ணத்தை மூக்கருகில் கொண்டு போனாள். சுங்க இலாகா அதிகாரி மாதிரி முகம். ஆம்லெட் போட்டாள். ஒரு விள்ளல் சாப்பிட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

எங்கள் வீட்டில் பத்மஸ்ரீ விருது இப்படித்தான் அறிவிக்கப்படும்.

ஏழு வீடுகளில் ஐந்து திரும்பி வந்துவிட்டன. ஆறாவது வீடு சைவத்துக்கு மாறிவிட்டது. அதற்கு நான் பொறுப்பல்ல. எப்போதாவது பத்தில் ஒரு முட்டை பழைய குணத்தைக் காட்டுகிறது. "அது அந்தக் கறுப்புக் கோழி சார். அடைப்பைத் தாண்டி மீன் எறக்கற எடத்துக்கு ஓடிருது. பாடு மீறுது" என்று அந்த முட்டைக்கு மட்டும் காசு வாங்காமல் போகிறார் மீன்காரம்மா. பேத்தி டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் பொன்னேரியிலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டது. உயிரியல் எடுத்திருக்கிறதாம். ஐக்மன் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். 'அந்த சமையல்காரர் பேர் என்ன சார்?' என்று கேட்டுவிட்டால்? விட்டுவிட்டேன்.

எனக்கு இதில் கிடைத்த லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பால்கனியில் மீன்காரம்மா கொடுத்த தெர்மாகோல் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் என் மனைவி கொத்தமல்லியும் புதினாவும் போட்டிருக்கிறாள். மேலே வலை.

நேற்று மெதுவாகப் போய் ஒரு கொத்தைப் பிடுங்கப் பார்த்தேன்.

"வலைக்கு மேல வர்றது மட்டும்தான் உங்களுக்கு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அதுவும் இன்னிக்கு உங்க பாடு இல்ல!"